மரக்கலம் உண்டு, மாலுமி எங்கே?

தமிழர் கடல் வாணிகம் பற்றி வெளிவந்துள்ள நூல்களும் கட்டுரைகளும் எண்ணிக்கையிற் குறைந்தவை அல்ல. வகுப்பறையில் அப்பாடம் நடத்தும் தமிழாசிரியர், கரிகாலனின் முன்னோன் காற்றின் இயல்பறிந்து கலம் செலுத்தியதைக் கூறுவார். பூம்புகார்த் துறையில் வந்திறங்கிய பண்டங்களை வரிசைப்படுத்துவார். முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேற் கப்பற்படை விடுத்ததைப் பெருமிதத்தோடு எடுத்துரைப்பார். மாணவரும் பெருமிதம் கொள்வர். ஆனால் அவர்களுள் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்தக் கப்பலில் பாய் கட்டியவர் யார்? அவருக்கு என்ன கூலி கொடுத்தார்கள்? அவர் ஊர் திரும்பினாரா?" என்று வினவினால் ஆசிரியர் என்ன விடை கூறுவார்? அவர் கையிலுள்ள நூல்களில் அதற்கு விடை இராது. மன்னர் பெயர் இருக்கும். துறைமுகங்களின் பெயர் இருக்கும். மிளகும் முத்தும் துகிலும் இருக்கும். கப்பலை ஓட்டிய மனிதன் மட்டும் இருக்கமாட்டான்.

இக்குறை சான்றின்மையால் நேர்ந்தது என்று கூறிவிடுதல் எளிது. அது முழு உண்மையன்று. சான்று உண்டு, அது அரசவைப் புகழ்மொழியில் இல்லாமல், உவமையிலும், வரி விதிப்பிலும், அண்டை மொழியின் கதையிலும், குடும்ப வழக்கத்திலும் சிதறிக் கிடக்கிறது. அதனைத் தேடுவோர் தமிழ் நூல்களோடு மலாய் நூல்களையும் சேர்த்துக் கற்றல் வேண்டும். அவ்வாறு கற்பதற்கு ஜொகூரைக் காட்டிலும் பொருத்தமான இடம் அரிது. மலாய் உரைநடையின் தலைசிறந்த பழைய நூல் அம்மண்ணின் அரசவையில் உருப்பெற்றது. அந்நூலின் தொடக்கத்திலேயே தமிழகத்து வேந்தனும், கடலும், கப்பலும் வந்து நிற்கின்றன.

உவமையில் ஒதுங்கிய கடலோடி

முதலிற் சங்க நூல்களை நோக்குவோம். புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார் காற்றை ஆண்டவனின் வழித்தோன்றல் என்று சோழனைப் பாராட்டுகிறார். பட்டினப்பாலையில் சுங்கம் கொள்வோர் சோர்வின்றித் தொழில் செய்வதும், மூட்டைகளிற் புலிப்பொறி இடுவதும் காணப்படுகின்றன. இவை அனைவரும் அறிந்தவை, பாடநூல்களில் இடம்பெற்றவை. இவற்றைவிடக் கடலோடியின் வாழ்வுக்கு நெருக்கமான பாடல்கள் இரண்டு அகத்திணையிற் கிடக்கின்றன. அவற்றைக் கடல் வாணிகம் பற்றி எழுதுவோர் மிகுதியும் தொடுவதில்லை.

ஒன்று அகநானூற்றின் 255-ஆம் பாட்டு. மருதன் இளநாகனார் பாடியது. பொருள் தேடிக் கலமேறிச் சென்ற தலைவனை நினைந்து தலைவி வருந்துகிறாள். இரவு பகல் ஓயாது காற்றால் உந்தப்பட்டுச் செல்லும் பெரிய வங்கமும், கரையிலுள்ள மாடத்து விளக்கொளியைக் குறியாகக் கொண்டு அதனைச் செலுத்தும் நீகானும் அப்பாட்டில் வருகின்றனர். நீகானுக்குப் பெயர் இல்லை. ஆயினும் அவன் தொழில்நுட்பம் இருக்கிறது: இருளில் அவன் எதைப் பார்த்துக் கலத்தைத் திருப்பினான் என்பது இருக்கிறது.

மற்றொன்று நற்றிணையின் 30-ஆம் பாட்டு. பரத்தையர் பலர் தலைவனை ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுக்கின்றனர். அக்காட்சிக்குப் புலவர் காட்டும் உவமை கடலில் உள்ளது. காற்று மோதி மரக்கலம் கவிழ்ந்தபோது, ஒன்றாக நீரில் வீழ்ந்த பலர் மிதக்கும் ஒரே பலகையைப் பற்றி இழுப்பது போன்றது என்கிறார். கேட்போர் இவ்வுவமையை உடனே உணர்ந்திருக்க வேண்டும், இல்லையேல் உவமையாகாது. ஒரு பலகை, அதற்குப் பல கைகள் என்னும் கொடுங்காட்சி அக்காலத் தமிழர்க்குக் கேள்வியால் நன்கு பழகியிருந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. எனினும் அது பரத்தையர் பூசலை விளக்கும் உவமையாக மட்டும் வந்து போகிறது. பலகையைப் பற்றியவருள் எவர் பிழைத்தார் என்று பாட்டு கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அதற்கில்லை.

தொல்காப்பியம் கடற்செலவில் மகளிரை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது. ஆகவே சங்கப் பாட்டில் கடல் என்பது பெரும்பாலும் கரையிலிருந்து காணும் கடல். காத்திருப்பவளின் குரல் நமக்குக் கிடைக்கிறது. சென்றவனின் குரல் கிடைக்கவில்லை. இஃது இலக்கியக் குறையன்று. அகப்பொருள் மரபு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. வரலாற்றாசிரியர் தமக்கு வேண்டியதைத் தேடாமற் போனதே குறை.

பலகையிலிருந்து கரைக்கு

காப்பிய காலத்தில் உவமை கதையாக வளர்கிறது. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் சூதாடிப் பொருளிழந்து, வணிகரோடு கலமேறுகிறான். கலம் உடைகிறது. ஒடிந்த மரத்துண்டைப் பற்றி நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகிறான். அவர்கள் மொழி அறிந்திருந்தமையால் உயிர் பிழைக்கிறான். பின்னர் சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் ஊர் மீள்கிறான். நற்றிணை சொல்லாது விட்டதைச் சாத்தனார் சொன்னார் எனலாம். பலகையைப் பற்றியவன் கரை சேர்ந்தான்; அவனைக் காத்தது வேற்று மொழியறிவு. வாணிகக் கடலில் மொழி அறிவு உயிர் காக்கும் கருவி என்பது ஏட்டுக் கருத்தன்று. துறைதோறும் வாழ்ந்தோர் கண்ட உண்மை.

சிலப்பதிகாரத்தில் மற்றொரு நிகழ்ச்சி. கோவலனின் முன்னோன் ஒருவன் கலம் உடைந்து கடலில் மிதக்கையில் மணிமேகலா தெய்வம் அவனைக் காத்தது. அந்த நன்றியை மறவாமல் கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை என்று பெயரிட்டான். ஒரு குடும்பத்தின் கடல் நினைவு எங்கே தங்கியது? ஒரு பெண்குழந்தையின் பெயரில் தங்கியது. காப்பியத்தின் தலைவி பெயரே ஒரு கப்பல் உடைந்ததன் நினைவுச் சின்னம். இந்தக் குறிப்பை மனத்திற் கொண்டு ஜொகூர் நூலுக்கு வருதல் வேண்டும்.

ஜொகூர் அவையில் ஒரு நூல்

மலாக்கா 1511-இல் போர்த்துகீசியரிடம் வீழ்ந்தது. அதன் கடைசிச் சுல்தான் மகமூது சாவின் மகன் ஜொகூர் ஆற்றங்கரையில் புதிய அரசை நிறுவினார். அவ்வரசின் பெண்டகாராவாகிய துன் செரி லானாங் 1612-ஆம் ஆண்டில் மலாய் மன்னர் வரலாற்றைத் தொகுக்கும் பணியை மேற்கொண்டார். அதுவே 'செஜாரா மெலாயு' என வழங்கும் நூல். அடுத்த ஆண்டே அச்சே நாட்டுப் படை ஜொகூரைத் தாக்கியது. தொகுப்பாசிரியரும் அச்சேக்குக் கொண்டு செல்லப்பட்டார். இந்நூலின் சுவடி 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது.

பிரதிக்குப் பிரதி பெயர்கள் வேறுபடினும், கதையின் போக்கு இது: கலிங்க நாடெனப் பொதுவாக மலாய் நூல்கள் குறிக்கும் தென்னிந்தியாவிலிருந்து ஒரு மாவேந்தன் சீனத்தை வெல்லப் புறப்படுகிறான். ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கற்கோட்டை உடைய ஒரு நகரை வெல்கிறான். பின்னர் தெமாசேக் என்னும் இடத்தில் பாடி இறங்குகிறான். செய்தி சீன மன்னனை எட்டுகிறது. அவனுடைய அமைச்சர் படை திரட்டவில்லை. ஒரு கப்பலில் துருவேறிய நுண்ணிய ஊசிகளை நிரப்பினர். காய்த்துக் குலுங்கும் மரங்களை அதில் நட்டனர். பல் விழுந்த கிழவர்களை மாலுமிகளாக ஏற்றி அனுப்பினர். கப்பல் தெமாசேக்கை அடைந்தது. சீனம் எவ்வளவு தொலைவு என்று வேந்தனின் ஆட்கள் கேட்டனர். கிழவர் கூறினர்: புறப்பட்டபோது யாங்கள் பன்னிரண்டு வயதுச் சிறுவர், இம்மரங்கள் யாங்கள் இட்ட விதைகள், இவ்வூசிகள் அன்று பருத்த இரும்புக் கம்பிகள். வேந்தன் திகைத்தான், அவ்வளவு தொலைவு போவதெங்ஙனம் எனப் படையோடு திரும்பினான்.

இக்கதையை இருவகையாக இதுவரை கையாண்டுள்ளனர். ஒருசாரார் நகைப்புக்குரிய கற்பனை எனத் தள்ளினர். மற்றொரு சாரார் இதிலுள்ள வேந்தன் இராசேந்திரனே, கருங்கற்கோட்டை சோழர் வென்ற நகரே என்று கொண்டு, ஜொகூர்க் காட்டில் அதனைத் தேடத் தலைப்பட்டனர். 2005-இல் அக்கோட்டை கண்டறியப்பட்டதாகச் செய்தித்தாள்களில் பெருஞ்செய்தி வந்தது; 2006-இல் அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று அரசுத் தரப்பில் அறிவிக்கப்பட்டது. இரு சாராரும் கோட்டையையும் வேந்தனையுமே பார்த்தனர். கப்பலில் வந்த கிழவர்களை எவரும் பார்க்கவில்லை.

அவர்களைப் பார்த்தால் கதை வேறாகிறது. மாபெரும் படையைத் திருப்பி அனுப்பிய ஆயுதம் எது? மாலுமியின் ஆயுள். கப்பலேறியவன் கப்பலிலேயே மூப்படைவான் என்னும் செய்தி. கிழவர் கூறியது பொய். ஆனால் அப்பொய் எடுபட்டது. எடுபடும் பொய்யில் எப்போதும் ஒரு பங்கு மெய் கலந்திருக்கும். சீனக் கடலிலிருந்து வருவோர் வடகிழக்குப் பருவக்காற்றில் வந்தனர். இந்தியக் கடலிலிருந்து வருவோர் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பினர். காற்று மாறும்வரை இரு திறத்தாரும் மலாய்க்கரைத் துறைகளில் மாதக்கணக்கிற் காத்திருந்தனர். கடற்பயணத்தின் உண்மையான நீளம் கல் கணக்கில் இல்லை; ஆண்டுக்கணக்கில் இருந்தது. ஜொகூர் அவையினர் துறைமுக மக்கள். இரும்பு துருப்பதையும் மாலுமி நரைப்பதையும் நாள்தோறும் கண்டவர்கள். அவர்கள் நகைத்துச் சொன்ன கதையில் கடலோடியின் துயரம் அடியில் ஓடுகிறது.

இக்கதையை அடுத்து வரும் நிகழ்ச்சியும் எண்ணத்தக்கது. நாடு திரும்பிய வேந்தனுக்கு நிலமெல்லாம் கண்டாயிற்று, கடலடி எப்படியிருக்கும் என்று காண ஆசை எழுகிறது. உள்ளிருந்து பூட்டத்தக்க கண்ணாடிப் பேழை செய்வித்து, அதனுட் புகுந்து கடலில் இறங்குகிறான். அங்கே ஓர் அரசகுமாரியை மணக்கிறான். அம்மணத்தில் பிறந்த மைந்தரிடமிருந்தே மலாய் மன்னர் மரபு தொடங்குகிறது. ஊசிக் கப்பலையும் கண்ணாடிப் பேழையையும் அடுத்தடுத்து வைத்தவர் அறியாமல் வைத்திருக்க இயலாது. கிழவர்கள் வெயிலிலும் உப்புக்காற்றிலும் கடலை அறிந்தவர். வேந்தன் நனையாமல் அறிந்தவன். கடல் வரலாறு எழுதுவோருள் பலரும் இன்றுவரை வேந்தனோடு பேழைக்குள்தான் அமர்ந்திருக்கின்றனர்.

மீன் உண்ணாக் குடும்பம்

இதே நூலில் மணி புரிந்தன் கதை வருகிறது. தென்னிந்தியாவின் பகிலி என்னும் ஊரைச் சேர்ந்த இளவரசன் அவன். கலங்களோடு மலாக்காவுக்கு வருகையில் புயலில் சிக்கிக் கடலில் வீழ்கிறான். ஆலு ஆலு என்னும் மீன் அவனைத் தன் முதுகில் தாங்கிக் கரை சேர்க்கிறது. கந்தசூலி என்னும் பூஞ்செடியைப் பற்றிக் கரையேறுகிறான். அதனால் தன் வழித்தோன்றல்கள் அம்மீனை உண்ணலாகாது, அப்பூவைச் சூடலாகாது என்று விலக்கினான். மலாக்காவின் பெண்டகாரா குடும்பம் தன் முன்னோருள் ஒருவனாக அவனைப் போற்றியது.

சாதுவனின் மரத்துண்டு, கோவலன் முன்னோனைக் காத்த தெய்வம், மணி புரிந்தனைச் சுமந்த மீன் ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். இவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று வாதிடுவது வீண். ஒரே கடலில் ஒரே ஆபத்தை எதிர்கொண்ட இரு மக்கட்கூட்டத்தார், பிழைத்தவனின் நினைவை ஒரே வகையாகப் பேணினர் என்பதே கொள்ளத்தக்கது. தமிழ்க் குடும்பம் குழந்தைக்குப் பெயர் வைத்தது. மலாய்க் குடும்பம் ஒரு மீனை உண்ணாமல் விட்டது. கல்வெட்டு எழுத வசதியற்ற கடலோடிக்கு வரலாற்று ஆவணம் வீட்டு வழக்கமே. ஆய்வாளர் அரண்மனையைத் தேடும் முன் அடுக்களையைத் தேட வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

கல்லும் சட்டமும்

கல்வெட்டுகள் முற்றிலும் மௌனம் சாதிக்கின்றன என்று கூறவும் இயலாது. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களை வரிசையாக அடுக்குகிறது; கடாரத்தரசனிடம் கொண்ட யானைகளையும் பொருளையும் கூறுகிறது; கப்பல் தலைவர் ஒருவரின் பெயரும் அதில் இல்லை. அது மெய்க்கீர்த்தியின் இயல்பு. வணிகர் வெட்டிய கற்கள் வேறு வகையின. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனி நாரணம் என்னும் குளம் மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் விடப்பட்டதைக் கூறுகிறது. வெற்றியைச் சொல்லாமல் குளத்தைச் சொல்லும் கல் அது. குளம் வெட்டினர் என்றால் தங்கினர் என்பது பொருள். தங்கினர் என்றால் குடிநீருக்கு அலைந்தனர் என்பதும் பொருள்.

சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருசுக்கு அருகே லோபு துவாவில் 1873-இல் கண்டறியப்பட்ட கல்வெட்டு 1088-ஆம் ஆண்டினது. நீலகண்ட சாத்திரியார் 1932-இல் அதனை ஆராய்ந்தார், பின்னர் எ. சுப்பராயலு மீண்டும் படித்தார். ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரின் ஆவணம் அது. துறைக்கு வரும் மரக்கல நாயனும் கேவிகளும் கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்த வேண்டும் என்று அது விதிக்கிறது. மரக்கல நாயன் கப்பல் தலைவன். கேவிகள் யார்? கப்பலில் உடன்வந்தோர் என்பது இடத்தால் விளங்குகிறது. இங்கே முதன்முறையாகத் தலைவனோடு மற்றையோரும் சேர்த்து எண்ணப்பட்டனர். வரி விதிக்கும் பொருட்டாயினும் எண்ணப்பட்டனர்.

இக்கல்லோடு சேர்த்துக் கற்கவேண்டியது 'உண்டாங் உண்டாங் லாவுட் மெலாகா' எனப்படும் மலாக்காக் கடற்சட்டம். சுல்தான் மகமூது சாவின் ஆட்சியில் கப்பல் தலைவர்களான நகுதாக்கள் கூடி வகுத்து அரசன் ஒப்புதல் பெற்றது என்று அந்நூலே கூறுகிறது. வின்சுடெட்டும் தி யோசலின் தெ யோங்கும் 1956-இல் இதனைப் பதிப்பித்தனர். கப்பலில் நகுதா அரசனுக்கு ஒப்பு. சுக்கான் பிடிப்பவன் பெண்டகாராவுக்கு ஒப்பு. நங்கூரத்தைக் கவனிப்பவன் தெமெங்கோங்குக்கு ஒப்பு. காவலிற் கண்ணயர்ந்தவனுக்குக் கசையடி. சமைத்த நெருப்பை அணைக்கத் தவறியவனுக்கும் தண்டனை. புயலில் சரக்கைக் கடலில் எறிய நேரின் அனைவரையும் கலந்தே எறிதல் வேண்டும். இழப்பு அவரவர் உடைமைக்கேற்பப் பகிரப்படும். துறை சேர்ந்ததும் முதல் நான்கு நாள் நகுதா விற்கலாம். அடுத்த இரண்டு நாள் கிவி எனப்படும் உடன்வரும் வணிகர் விற்கலாம். அதன் பின்னரே மற்றையோர் விற்கலாம். கலம் உடைந்து கடலில் தத்தளித்தவரை ஏற்றிக்கொண்டால் அவர்மேல் நகுதாவுக்கு எவ்வளவு உரிமை என்பதற்கும் விதி உண்டு.

நற்றிணையின் ஒற்றைப் பலகையை நினைவு கூர்ந்து இக்கடைசி விதியைப் படித்தல் வேண்டும். பலகையிலிருந்து மீட்கப்பட்டவன் மீட்டவனுக்கு அடிமையாகிவிடும் இடர் இருந்தது. அந்த இடர் இல்லையேல் விதிக்கும் தேவையில்லை. காப்பியம் தெய்வத்தையும் மீனையும் காட்டிய இடத்தில் சட்டம் மனிதப் பேராசையைக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தாலன்றிக் கடலோடியின் நிலை முழுதும் விளங்காது.

சொல் தரும் சான்றும் அதன் எல்லையும்

பாருசுக் கல்லின் கேவியும் மலாக்காச் சட்டத்தின் கிவியும் ஒலியால் நெருங்கி நிற்கின்றன. இரண்டும் ஒன்றே, தமிழ்ச்சொல்லே மலாயில் புகுந்தது என்று உடனே முடிவு கட்டும் ஆவல் எழும். அவ்வாவலை அடக்குதல் ஆய்வுக்கு நல்லது. மலாய்ச் சொல் சீனத்திலிருந்து வந்தது என்று கருதும் அறிஞரும் உளர். ஒலி ஒப்புமை வாயிலைக் காட்டும். வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்பதைக் காட்டாது. இடையிலுள்ள நானூறு ஆண்டுகளை இட்டு நிரப்பும் வேறு சான்று வேண்டும்.

ஐயமற்ற சொற்களும் பல உள. கப்பல், கடை, முதல், பெட்டி என்பன தமிழிலிருந்து மலாயில் வழங்குவன. மறுபுறம், தமிழர் தம் சொல்லெனக் கருதும் மாலுமி அரபு மொழியிலிருந்து வந்தது; மலாயில் அதுவே மாலிம். பாரசீக மூலமுடைய நகுதாவும் சாரங்கும், கலாசியும் இரு மொழியிலும் உண்டு. நீகானும் மீகாமனும் ஏட்டில் தங்க, மாலுமியும் சாரங்கும் கப்பல் தட்டில் ஏறினர். இதனைத் தமிழின் தோல்வியாகக் கருதி வருந்துவோர் உளர். அஃது உண்மையில் ஒரு தொழிற் சான்று. அரபியரும் பாரசீகரும் தமிழரும் மலாயரும் ஒரே தட்டில் நின்று, ஒரே ஏவலுக்கு ஒரே கயிற்றை இழுத்தனர் என்பதை இச்சொற்கள் மெய்ப்பிக்கின்றன. யார் யாருக்குக் கற்பித்தார் என்னும் வழக்கைவிட இவ்வுண்மை பெரிது.

புனைகதையின் கடல்

இக்கால எழுத்தாளர் கடலோடிக்கு என்ன செய்தனர்? சாண்டில்யனின் 'கடல் புறா' பல்லாயிரம் வாசகருக்கு முதன்முதலாகக் கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் அறிமுகம் செய்தது. அந்நன்றி அதற்குரியது. கலத்தின் உறுப்புகளையும் கடற்போரின் முறைகளையும் அவர் ஆர்வத்தோடு விரித்தார். ஆயினும் அதன் கடல் படைத்தலைவனின் கடல். பாய் விரிப்போர் கட்டளை கேட்டு ஓடுவர். வென்றபின் ஆரவாரம் செய்வர். அவர்தம் வீடு எங்கே என்று வாசகன் அறியமாட்டான்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வெளிவந்தது. ஆசிரியர் மேடானில் தொழில் செய்து வாழ்ந்தவர். சுமத்திராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கானில் செல்வோர் புயலில் சிக்கும் பகுதி அந்நாவலின் புகழ்பெற்ற பகுதி. அங்கே வெற்றி முழக்கம் இல்லை. அலையின் உயரமும், மரம் முறியும் ஓசையும், சரக்கோடு சரக்காக உருளும் மனிதரின் அச்சமும் இருக்கின்றன. நற்றிணைப் புலவர் ஓர் உவமையில் அடக்கியதைச் சிங்காரம் விரித்து எழுதினார் என்றால் மிகையாகாது. கடல் வாணிகத்தின் மனித வரலாற்றுக்குத் தமிழிற் சிறந்த சான்று ஒரு நாவலிற் கிடைப்பது நாவலுக்குப் பெருமை. ஆய்வுத்துறைக்கு அது பெருமையன்று.

செய்ய வேண்டியது

வரலாற்றுத்துறை இக்குறையைப் பிற இடங்களிலும் உடையது. 1603-ஆம் ஆண்டு பெப்ருவரி 25-இல் ஜொகூர் ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால், சாந்தா கத்தரீனா என்னும் போர்த்துகீசியக் கப்பலை டச்சுத் தளபதி ஈம்சுகெர்க்கு ஜொகூர்ப் படையின் துணையோடு கைப்பற்றினார். அக்கொள்ளையை நியாயப்படுத்தப் புகுந்த குரோசியசு 1609-இல் கடல் அனைவர்க்கும் பொது என்னும் நூலை வெளியிட்டார். பன்னாட்டுச் சட்டத்தின் தொடக்க நூல்களுள் அஃதொன்று. சட்டம் கற்போர் கப்பலின் பெயரை அறிவர். அதிலிருந்த நூற்றுக்கணக்கான ஆண் பெண்களைப் பற்றி அறியார். வ.உ. சிதம்பரனார் 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பெனியின் வரலாறும் அவ்வாறே. காலியா, லாவோ என்னும் கப்பல்களின் பெயர் மாணவருக்குத் தெரியும். அவற்றில் கரி அள்ளிப் போட்டவரின் பெயர் தெரியாது.

நீராவிக் கப்பற் காலத்துக்கேனும் பெயர்கள் கிடைக்கும். பிரித்தானியக் கப்பல்களின் பணியாளர் ஒப்பந்தத் தாள்களில் 1863 முதல் 1938 வரையுள்ளவற்றின் பெரும்பகுதி கனடாவின் நியூபவுண்டுலாந்தில் மெமோரியல் பல்கலைக்கழகக் காப்பகத்தில் உள்ளது. ஐரோப்பியப் பணியாளரின் பெயரும் வயதும் ஊரும் ஊதியமும் அவற்றில் ஒழுங்காகப் பதிவாயின. லஸ்கார் என்றழைக்கப்பட்ட ஆசிய மாலுமியின் பதிவு பலவிடத்தும் குறையுடையது. அக்குறையே ஒரு வரலாற்றுச் செய்தி. தமிழ் நாட்டு ஊர்ப்பெயர்களை அறிந்த ஒருவர் அத்தாள்களைப் படித்தால், பிறர் படித்தறிய இயலாத பெயர்கள் துலங்கும்.

ஏட்டைக் காட்டிலும் அவசரமானது வாய்மொழி. 1926-இல் கட்டப்பட்ட 'ராஜுலா' 1970-களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறை, சிங்கப்பூர் வழியில் ஓடியது. ஜொகூர்த் தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் வந்த தமிழ்க் குடும்பங்களுட் பலவற்றின் மலாயா வாழ்வு அத்தகைய கப்பல் தட்டில் தொடங்கிற்று. தட்டுப் பயணிகளாகச் சிறுவயதில் வந்தவர் இன்று முதுமையுற்றிருப்பர். எந்தப் பாத்திரத்தில் சோறு பொங்கினர், நோய்த்தடுப்புத் தீவில் எத்தனை நாள் வைத்திருந்தனர், சாரங்கு எம்மொழியில் அதட்டினார், கடலில் இறந்தவரை என்ன செய்தனர் என்பன அவர் வாயிலாகவே அறியத்தக்கவை. இவற்றை அரசாங்க அறிக்கைகள் சொல்லமாட்டா. துன் செரி லானாங்கின் முன்னுரை தரும் செய்தியும் இதற்குத் துணையாகும்: முன்னோர் சொன்னதைப் பின்னோர் அறியும்பொருட்டுத் தொகுக்க வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட பணி.

ஜொகூரில் தமிழாசிரியர் உளர், தமிழ்ப்பள்ளிகள் உள. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் மூன்று வினாக்களைக் கேட்டு எழுதிவரச் செய்தல் அரிய செயலன்று: எந்தக் கப்பலில் வந்தீர்கள், உடன் வந்தவர் யார், அப்பயணத்தால் வீட்டில் நிலைத்த பெயரோ, நேர்த்தியோ, விலக்கோ யாது? நேரில் வந்தவர் இல்லாத வீட்டில், அவர் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இருப்பர். நூறு வீடுகளின் விடையைத் தொகுத்தால், எந்த நூலகத்திலும் இல்லாத நூல் ஒன்று உருவாகும். அதனைச் சரிபார்த்து, மிகையைக் களைந்து, ஆவணத்தோடு ஒப்பிடும் பொறுப்பு ஆய்வாளருடையது.

பாசிர் கூடாங்கிலும் தஞ்சோங் பெலப்பாசிலும் இன்று பெருங்கப்பல்கள் சரக்குப் பெட்டகங்களோடு வந்து போகின்றன. முன்போல் காற்றுக்காகக் காத்திருக்கும் மாலுமி இல்லை. துறையருகே கடைவீதியில் அவனைக் காண்பதும் அரிதாயிற்று. கப்பல் பெரிதாகப் பெரிதாக மனிதன் கண்ணுக்குத் தெரியாமற் போகிறான். பழங்காலத்தில் புலவர் அவனை உவமையிலாவது வைத்தனர். ஜொகூர் அவையினர் நகைச்சுவைக் கதையிலாவது வைத்தனர். ஆய்வு நிகழும் இக்காலத்தில் அவனுக்கு அவ்விடமும் இல்லாமற் போகலாகாது. வகுப்பறையில் எழுந்து நின்ற அம்மாணவனின் வினா இன்னும் விடையின்றி நிற்கிறது. "பாய் கட்டியவர் யார்?" என்ற அவ்வினாவுக்கு ஆசிரியர் தரத்தக்க நேர்மையான முதல் விடை, "தேடுவோம், உன் தாத்தாவிடமிருந்து தொடங்கு" என்பதே.